கோழி யார் அடுப்பில் வெந்தது

நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்க்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் ஊசி போடக் கற்றுத்தரப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் கண்ணால் பார்க்காத மெஷினெல்லாம் இன்று உங்கள் மேஜை மேல் இருக்கிறது. ஆனால் கிளினிக் திறந்த கொஞ்ச நாளிலேயே ஒரு கேள்வி உங்களைத் தேடி வரும். அதற்கு மெஷின் உதவாது.

"மனுஷனுக்கே சோறில்ல, நாய்க்கு இவ்வளவு செலவா?"

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார். கல்யாணப் பந்தியில் கேட்பார்கள். கடன் வாங்கி உங்களைப் படிக்கவைத்த அப்பாவே ஒருநாள் கேட்டாலும் கேட்பார்.

அரசு வேலையில் வையம்பட்டிப் பக்கம் மாடு பார்த்துக்கொண்டிருந்த வரையில் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. மாடு பால் கறக்கும், கன்று போடும், செலவு செய்ததற்கு ஏதாவது திரும்பி வரும். ஓய்வு பெற்று மன்னார்புரத்தில் கிளினிக் போட்ட பிறகுதான் ஆளாளுக்கு எனக்குத் தர்மம் சொல்ல ஆரம்பித்தார்கள். சொன்னவர்களை நான் நன்றாகக் கவனித்திருக்கிறேன். நாய்க்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டுபோய் ஏழைக்குக் கொடுத்தவர் ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை. அந்தப் பணம் பாத்ரூமுக்கு டைல்ஸ் ஆகும். நிச்சயதார்த்தத்தில் ஐஸ்கிரீம் ஆகும். ஆகட்டும், அவரவர் பணம். ஆனால் ஏழையின் பேரைச் சொல்லி என் வாயை அடைக்க வராதீர்கள் என்று நேராகவே சொல்லியிருக்கிறேன். அதனால் சில உறவுகள் போயின. போனால் போகட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கேள்வியைப் பணக்காரரிடம் முகத்துக்கு நேரே யாரும் கேட்பதில்லை. ஒருநாள் ஒரு ஆட்டோக்காரர் கால் முறிந்த தெருநாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்டாண்டில் அவரோடு கிடக்கும் நாய். கட்டுப் போட எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, மடியில் குட்டி நாயோடு, அவருக்குப் புத்தி சொன்னார். வீட்டில் பிள்ளைகுட்டி இருக்குமே, இதெல்லாம் உனக்கெதற்கு என்றார். ஆட்டோக்காரர் அந்த அம்மாவின் நாயைப் பார்த்தார். "ஏங்க, நம்ம திருச்சி வெயில்ல அதுக்கு ஸ்வெட்டர் மாட்டி விட்டிருக்கீங்களே, அத நான் கேட்டனா?" என்றார். வரிசையே சிரித்தது. நான் அந்த அம்மாவிடம், முதலில் அதைக் கழற்றுங்கள், மூச்சு வாங்குகிறது பாருங்கள் என்றேன். ஏழை செலவு செய்தால் ஊதாரித்தனம், மற்றவர் செய்தால் பாசம். இந்த நியாயத்தை உங்கள் கிளினிக்குக்குள் விடாதீர்கள்.

இதுவரை சொன்னது சுலபமான பாகம். வாயுள்ள யாரும் சொல்லிவிடலாம். இனிமேல் சொல்வது அப்படி இல்லை.

என்னிடம் வந்த ஒருவரை ரங்கராஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு, பேங்க் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி தவறிவிட்டார். வீட்டில் அவரும் ஜூலி என்ற லாப்ரடாரும்தான். ஆசாரமான குடும்பம். பாதி நாள் வெங்காயமே அடுப்பேறாத வீடு அது. ஜூலி தயிர் சாதத்தில் வளர்ந்தவள். அதிலேயே நன்றாகத்தான் இருந்தாள்.

அந்த வீட்டில் வேலை செய்தவர் ஆரோக்கியமேரி. பாலக்கரைக்காரர். கணவர் விட்டுப்போய்விட்டார், ஸ்கூலுக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். காலையில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்து பாத்திரம், துணி, கொல்லை எல்லாம் முடித்துவிட்டுப் போவார். சமையல் மட்டும் ரங்கராஜன் தன் கையாலேயே செய்துகொள்வார். ஜூலியைக் குளிப்பாட்டுவது, உண்ணி எடுப்பது, கிளினிக்கில் பிடித்துக்கொள்வது எல்லாம் மேரிதான்.

ஜூலிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. கொஞ்சம் தாமதமாகத்தான் கொண்டுவந்தார்கள். மருந்து வேலை செய்தது, நோய் போய்விட்டது. ஆனால் ரத்தம் வற்றி, உடம்பில் புரதம் இறங்கி, கால்கள் வீங்க ஆரம்பித்தன. இனி தேறுவது தீனியில்தான் இருக்கிறது என்ற நிலை. பாக்கெட் தீனியை ஜூலி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னிடம் அப்போது வேலை பார்த்த இளம் டாக்டர் சீட்டில் எழுதினார்: தினமும் வேகவைத்த கோழி, ஈரல், முட்டை. எழுதிவிட்டு அடுத்த நாயைக் கூப்பிட்டார்.

ரங்கராஜன் அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அவருக்கு அது சாதாரண விஷயம் இல்லை. அந்தத் தெருவில், அந்தக் குடும்பத்தில், வீட்டு வளாகத்துக்குள் மாமிசம். சிரிக்காதீர்கள். ஒரு மனிதர் தன் வாழ்நாள் வழக்கத்தை ஒரு நாய்க்காக வளைத்தார். எனக்கு அதில் மரியாதை உண்டு. மேரி தன் வீட்டில் சமைத்து டிபன் டப்பாவில் எடுத்துவர வேண்டியது, கொல்லைக் கதவுக்கு வெளியே வைத்து ஊட்ட வேண்டியது என்று ஏற்பாடு செய்துகொண்டார். கோழிக்கான பணத்தைத் தாராளமாகக் கொடுத்தார். நல்ல கறியாக வாங்கச் சொன்னார். ஆனால் டப்பா திறக்கும் நேரத்தில் முன்கட்டுக்குப் போய்விடுவார். பார்க்க முடியாது, வாசனை ஆகாது. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

நாய் தேறவில்லை. வாரா வாரம் மோசமானது.

ஒரு சாயங்காலம் கிளினிக் வாசலில் அவர் கார் வந்து நின்றது. உள்ளே பெட்டி, தண்ணீர் பாட்டில், போர்வை எல்லாம் இருந்தன. பின்சீட்டில் மேரியின் மடியில் தலைவைத்து ஜூலி கிடந்தாள். சென்னைக்குக் கிளம்பிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றுவார்களாம், எல்லா வசதியும் இருக்கிறதாம், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லையாம். வழியில் தாங்குமா என்று மட்டும் நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மேஜையில் போட்டுப் பார்த்தேன். நான்கு காலும் வீங்கியிருந்தன. வயிற்றில் நீர் கோத்திருந்தது. ரத்தத்தில் புரதம் முன்னைவிடக் கீழே போயிருந்தது. ஜுரம் பார்க்க ஆசனவாயில் வைத்த கருவியில் ஒட்டி வந்த மலத்தைப் பார்த்தேன். வெளிர் நிறத்தில் வெறும் சோறு. தினமும் கோழியும் ஈரலும் தின்கிற நாய் இப்படிக் கழியாது.

என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். கோழி, ஈரல், முட்டை, ஒருநாளும் தவறவில்லை என்றார் ரங்கராஜன். நீங்கள் பார்த்தீர்களா என்றேன்.

"அந்தப் பக்கம் நான் போறதில்லை, டாக்டர். மேரி பாத்துக்கறா."

இந்த இடத்தில்தான் உங்களில் பாதிப் பேர் சறுக்குவீர்கள். அடுத்த கேள்வியையும் அவரிடமே கேட்பீர்கள். பணம் கொடுப்பவர் எதிரே நிற்கும்போது நம் கழுத்து அவர் பக்கமே திரும்பி நின்றுவிடுகிறது. நாய்க்குத் தட்டு வைக்கிற கை மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கும். அந்தக் கையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். நான் ரங்கராஜனைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னேன். நேரமாகிறது, இருட்டுவதற்குள் ஊரையாவது தாண்ட வேண்டும் என்றார். உட்காருங்கள் என்று மறுபடி சொன்னேன். கதவைச் சாத்தினேன்.

மேரியிடம் நான் விசாரணை நடத்தவில்லை. ஜூலி தட்டில் எதை மிச்சம் வைக்கிறாள் என்று மட்டும் கேட்டேன். மேரி ஜூலியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"மிச்சம் ஒண்ணும் வைக்காது டாக்டரம்மா. சாறும் சோறும்தான் போடுறேன். கறிய எம்புள்ளைங்க தின்னுருதுங்க."

அழவில்லை. குரலும் இறங்கவில்லை. ஆரம்பத்தில் பிள்ளைகளைத் தொடவிடவில்லை என்றார். ஒற்றை அறை வீடு. விடிகாலையில் கோழி வேகும் வாசனைக்கு இரண்டும் எழுந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுமாம். இது ஜூலிக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்தது, காய்ச்சல் வந்த உடம்பு என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

"ஒருநாள் சின்னவன் கேட்டாம்மா. 'எனக்கும் காய்ச்சல்னு அந்த டாக்டர்கிட்ட எழுதி வாங்கியாறியாம்மா'ன்னு. அன்னிக்கு ஒரு துண்டு குடுத்தேன். அப்புறம் நிறுத்த முடியல."

என் இளம் டாக்டர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அந்தச் சீட்டை எழுதியவர். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். கோழியின் அளவை இரண்டு மடங்காக எழுதிவிடலாம். ரங்கராஜனுக்குப் பணம் ஒரு பொருட்டில்லை. நாய்க்கும் கிடைக்கும், பிள்ளைகளுக்கும் கிடைக்கும். யாருக்கும் நஷ்டமில்லை, யாருக்கும் தெரியவும் வேண்டாம்.

நல்ல மனசு. நான் அவரைக் கடுமையாகத் திட்டினேன். இப்போது உங்களையும் சேர்த்தே திட்டுகிறேன், ஏனென்றால் உங்களில் பலருக்கு இந்நேரம் அதே யோசனை வந்திருக்கும். அடுத்தவர் பர்ஸில் கைவிட்டு நாம் புண்ணியம் தேடிக்கொள்வதற்கு நம் கையெழுத்து எதற்கு? நம்மை நம்பி வந்தவருக்குப் பொய்யாக எழுதினால், அடுத்து நாம் உண்மையாக எழுதுவதை அவர் ஏன் நம்ப வேண்டும்? இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இதைவிட அசிங்கம். அந்தப் பிள்ளைகள் நாயின் பங்கில் சாப்பிடுகின்றன. நாய் குணமானால் கோழி நின்றுவிடும். ஜூலிக்கு உடம்பு சரியாகக் கூடாது என்று அந்தச் சின்னவன் மாதாவிடம் ஜெபம் பண்ண வேண்டி வரும். அதை நம் கையால் எழுதிக் கொடுப்போமா?

இன்னொரு வழியும் இருந்தது. சீட்டில் கோழி என்பதை அடித்துவிட்டு, ஊசி, மருந்து, ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று மாற்றிவிடலாம். மேரியின் குட்டு வெளிப்படாது. நாயும் பிழைக்கும். நான் சுத்தமாகக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடலாம். இரண்டு பிள்ளைகளின் தட்டில் இருந்தது மட்டும் காணாமல் போகும், அதை யாரும் கேட்கப்போவதில்லை. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. எல்லாரும் நல்லவர்களாகவே இருந்துவிட்டுப் போகிறோம்.

வெளியே ரங்கராஜன் கதவைத் தட்டினார்.

மேரியிடம் சொன்னேன். அவர் இப்போது உள்ளே வந்து நாய் ஏன் தேறவில்லை என்று கேட்பார். நான் பொய் சொல்ல மாட்டேன். நானாக உன் பேரை இழுக்கவும் மாட்டேன். ஆனால் நேராகக் கேட்டால் மறைக்க மாட்டேன். வேலை போனாலும் போகும், அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது. என்ன செய்யப் போகிறாய்?

மேரி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நானே சொல்லிடுறேன். நீங்க சும்மா இருங்க."

சொன்னார். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக. ரங்கராஜன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முகம் சின்னதாகிவிட்டது.

"உன்னை நம்பினேனே, மேரி. கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"என்னன்னு சார் கேக்கறது? நாய்க்கு வாங்குனதுல எம்புள்ளைக்கும் பங்கு குடுங்கன்னா?"

 மேரி நிறுத்தவில்லை. "கோழிக்குக் காசு குடுத்தீங்க. அதுல ஒத்தப் பைசா நான் எடுக்கல. ஆனா வேக வச்ச கேஸ் யாருது சார்? விடியுமுன்ன எந்திரிச்சு கடைக்கு ஓடுனது, சட்டி கழுவுனது, அந்த வாசத்தோட பஸ்ல நின்னுட்டு வந்தது, இதுக்கெல்லாம் என்ன குடுத்தீங்க? சம்பளம் அதே சம்பளந்தான?"

ரங்கராஜன் என்னைப் பார்த்தார். நான் ஏதோ தீர்ப்புச் சொல்ல வேண்டும்போல.

"நீங்களே சொல்லுங்கோ, டாக்டர். இது திருட்டு இல்லையா?"

"திருட்டுதான் சார்," என்றேன். மேரி தலையைக் குனிந்துகொண்டார். "அவ பண்ணது திருட்டு. அவ அடுப்பு, அவ கேஸ், அவ தூக்கம், எல்லாத்தையும் நீங்க சும்மா எடுத்துக்கிட்டீங்களே, அதுக்கு என்ன பேருன்னு நீங்களே வச்சுக்குங்க."

அவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். "நீங்க நாய்க்கு வைத்தியம் பாக்கறவா. இது எங்காத்து விஷயம்."

"உங்க நாயோட வியாதியே இதுதான் சார். சென்னையில ரத்தம் ஏத்துவாங்க, நல்லா ஏத்துவாங்க. திரும்பி வந்தா மறுபடி சாறும் சோறுந்தான்."

இதை நான் மட்டம் தட்டுவதற்காகச் சொல்லவில்லை. மருத்துவ ரீதியாகவே அது உண்மை. வழியில் நாய் இறந்துபோக வாய்ப்பு உண்டு, இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வெகு நேரம் ஜூலியின் தலையில் கைவைத்தபடி நின்றார். பிறகு பெட்டி ஏற்றிய காரை ஸ்ரீரங்கத்துக்கே திருப்பிக்கொண்டு தனியாகப் போனார். மேரி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். 

ஒரு குடும்பத்தின் வருமானம் என் மேஜை முன்னால் அறுந்துவிட்டது என்றுதான் அன்று நினைத்தேன். தூக்கம் கெட்டது என்றெல்லாம் கதை விட மாட்டேன். ஆனால் செய்தது சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். சரியானதைச் செய்தால் எல்லாருக்கும் நல்லது நடக்கும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், அவர் கிளினிக் நடத்தியதில்லை.

கிளினிக்கில் ஜூலி கறி தின்றாள். கையால் ஊட்டினோம். வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ரங்கராஜன் தினமும் வந்து கூண்டுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். எழுந்து நடமாடும் அளவுக்கு வந்ததும், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றேன். அவர் தயங்கினார். முழுசாகத் தேறும்வரை, எத்தனை மாதம் ஆனாலும், இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், என்ன கேட்டாலும் கொடுக்கிறேன் என்றார்.

கிளினிக் நடத்துபவர்களுக்குத் தெரியும், கூண்டு வாடகைபோல நோகாத வருமானம் கிடையாது. இடமில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை.

"இடம் இருக்கு சார். வைக்க மாட்டேன்."

காரணத்தையும் சொன்னேன். ஜூலி இங்கே தின்கிறாள், ஆனால் தின்றுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். நாய்க்கு வீடு வேண்டும். இரண்டாவது காரணம் நீங்கள். முன்பு முன்கட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டீர்கள், இப்போது பணத்தைக் கொடுத்துவிட்டு என் பின்னால் உட்காரப் பார்க்கிறீர்கள்.

அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அப்படியென்றால் மாமிசம் சமைத்துத் தர ஆள் பார்த்துத் தர முடியுமா என்றார். உங்களுக்குத் தெரிந்த ஆள் ஒருவர்தானே இருக்கிறார் என்றேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இவர் மேரியை நிறுத்தவில்லை. மேரிதான் அந்த மாலையிலிருந்து வேலைக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. நான் ஒரு வார்த்தை பேசினால் வருவாள் என்று கேட்டுக்கொண்டார். மாட்டேன் என்றேன். நீங்கள்தான் போக வேண்டும் என்றேன்.

எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. பாலக்கரை என்று தெரியும். எந்தத் தெரு என்று தெரியாது. ஜூலிக்கு எந்தத் தடுப்பூசி எப்போது போட்டது என்று மனப்பாடமாகச் சொல்கிற மனிதர். வருஷக்கணக்காகத் தன் வீட்டுக்கு வந்துபோகிறவரின் தெரு தெரியாது. அவரைத் தனியாகக் குற்றம் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரின் தெருப் பெயர் உங்களுக்குத் தெரியுமா, யோசித்துப் பாருங்கள்.

சர்ச் பக்கம், கடைத்தெரு என்று விசாரித்து விசாரித்துப் போயிருக்கிறார். அங்கே நடந்ததை இருவருமே என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். மேரி வரச் சம்மதித்தார், ஆனால் தன் நிபந்தனையில். வீட்டு வேலைக்குச் சம்பளம் தனி. கோழி சமைப்பதற்குச் சம்பளம் தனி, கேஸ் உட்பட. டப்பாவைத் தூக்கிக்கொண்டு இனி பஸ் ஏற முடியாது. ஜூலியைப் பாலக்கரைக்குக் கொண்டுவர வேண்டும், சாப்பாடு அங்கேதான். ரங்கராஜன் பேங்க்காரர் இல்லையா, சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துப் பேசிப் பார்த்திருக்கிறார். மேரி இறங்கவில்லை. கடைசி நிபந்தனையைச் சொல்லும்போதுதான் குரல் உயர்ந்ததாம்.

"ஜூலி திங்கற வரைக்கும் நீங்க நின்னு பாக்கணும் சார். நாளைக்கு யாரும் என்னைத் திருடின்னு சொல்லக்கூடாது."

மேரி அந்தச் சம்பளத்தில் தன் பிள்ளைகளுக்குத் தனியாகக் கறி வாங்கினார். தினமும் இல்லை, வாங்க முடிந்தபோது. அந்த நாட்களில் பிள்ளைகளுக்கு முதலில் போட்டுவிட்டுத்தான் ஜூலிக்கு என்று வைத்துக்கொண்டார். அதைக்கூட ரங்கராஜனிடம் சொல்லிவிட்டே செய்தார்.

ஆகவே சீட்டில் தீனி எழுதுமுன் கேளுங்கள்: இது யார் அடுப்பில் வேகும், யார் கையால் தட்டுக்கு வரும், அந்தக் கைக்கு என்ன கிடைக்கும்? இது சமூக சேவை இல்லை. கேட்காமல் எழுதியதால் ஒரு நாய் சாகப் போனது. அதற்குப் பிறகு என் இளம் டாக்டர் கேட்காமல் எழுதியதே இல்லை. உங்களிடம் யாராவது நாய்க்கு இவ்வளவு செலவா என்று கேட்டால், தாராளமாகச் செய்யலாம் என்று சொல்லுங்கள். ஆனால் அந்தச் செலவில் ஒரு மனுஷியின் உழைப்பு இனாமாகச் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நாயைப் பட்டினி போட்டு எந்தப் பிள்ளையின் வயிறும் நிரம்பாது.

இத்தோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த பரிசோதனைக்கு ரங்கராஜன் ஜூலியைத் தானே மேஜையில் தூக்கிவைத்தார். வீக்கம் வற்றிக் கால் பழையபடி ஆகியிருந்தது. ஈறு நன்றாகச் சிவந்திருந்தது. சோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டே, பாலக்கரையில் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடக்கிறேன் என்றார். வாசனை பழகவில்லை, கைக்குட்டை வைத்துக்கொள்கிறேன் என்றார். மேரி சொன்ன மாதிரி நின்று பார்க்கிறேன் என்றார். 

"தெருவுல இருக்கற குழந்தைகள்லாம் வந்து சுத்தி நின்னுடறதுகள், டாக்டர். ஒண்ணும் கேக்கறதில்லை. ஜூலி சாப்பிடறதையே பாத்துண்டு நிக்கறதுகள். அவ முடிக்கற வரைக்கும் நான் தட்டை விட்டுத் தலையத் தூக்கறதில்லை."

நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்வேன் என்று காத்திருந்தார். ஜூலியின் முன்காலிலிருந்து ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்தேன்.

"தலையத் தூக்கிப் பாருங்க சார்," என்றேன்.